பந்தை எல்லோரும் எறியட்டும்: போக்கிமான் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

போக்கிமான் நிறுவனத்தாருக்கும் நிண்டெண்டோ நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

நான் காரைக்குடியில் வளர்ந்தவன். 2000ஆம் வருடக் கோடை விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா, கோடாலித் தைலத்துக்கும் சாக்லேட் பொட்டலத்துக்கும் நடுவிலிருந்து உங்கள் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய் ஒன்றை, ஊதா நிறத்தில், எடுத்து என் கையில் வைத்தார். அதன் முதுகில் சொருகியிருந்தது போக்கிமான் ப்ளூ. காட்டு மிருகங்களைப் பந்தெறிந்து பிடித்து, சண்டைக்குப் பழக்கும் ஆட்டம். அதில் வரும் இங்கிலீஷ் பாதி புரியாது. புரிந்த பாதியை வைத்துக்கொண்டே அந்த விடுமுறை முழுவதும் ஓடியது.

ஆட்டத்தில் வரும் தங்கக்கட்டிப் பாலத்தைத் தாண்டினால் ஒரு புல்வெளி வரும். அங்கே ஆப்ரா என்ற மிருகம் திரியும். எப்போதும் தூங்கி வழிகிற முகம். அதற்குத் தெரிந்த வித்தை டெலிபோர்ட், அதாவது நின்ற இடத்திலிருந்து மறைந்து போவது, ஒன்றுதான். எதிரில் வந்த முதல் நொடியிலேயே பந்தை எறிந்தாக வேண்டும். அடிக்கலாமா, வேண்டாமா என்று யோசித்தால் போயே போய்விடும். இரண்டு நாள் மதியம் திண்ணையில் உட்கார்ந்து, ஓடிப்போனவற்றை எண்ணுவதையே நிறுத்திவிட்ட பிறகு ஒன்று பந்துக்குள் அடங்கியது. 16ஆவது லெவலில் அது கடாப்ரா ஆனது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. 40ஆவது லெவல் வந்தது, 50ஆவது லெவல் வந்தது, கடாப்ரா கடாப்ராவாகவே இருந்தது.

காரணம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கேபிள் வழியாக அதை இன்னொருவரிடம் கொடுத்தால்தான் அது அலகசாம் ஆகும். எங்கள் தெருவில் இன்னொரு கேம் பாய் கிடையாது. எனக்குத் தெரிந்து ஊரிலேயே கிடையாது. விஷயம் தெரிந்தபோது எனக்கு வந்தது பிரமிப்பு. ஒரு விளையாட்டு தன் உச்சியைக் கொண்டுபோய் இன்னொரு மனிதரின் கையில் வைத்திருக்கிறதே என்ற பிரமிப்பு.

அந்தப் பிரமிப்பு இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்த மடல். 2024 செப்டம்பரில் நீங்கள் இருவரும் சேர்ந்து, மிருகங்களைப் பிடித்து வேலைக்கும் சண்டைக்கும் பழக்கும் பால்வேர்ல்டு என்ற ஆட்டத்தை உருவாக்கிய பாக்கெட்பேர் நிறுவனத்தின் மேல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்குத் தொடுத்தீர்கள். அதைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்பதற்கு, உங்கள் போட்டியாளர்கள் ஒவ்வொருவரிடமும் நான் எதைக் கண்டேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். போக்கிமானை உருவாக்கிய, டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்த சத்தோஷி தாஜிரி சிறு வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தார். வயல்களும் குளங்களும் கட்டடங்களாக மாறியதைப் பார்த்தார். இதெல்லாம் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. டிராகன் குவெஸ்ட் 2 விளையாடிக்கொண்டிருந்தபோது அதில் அபூர்வமாகக் கிடைக்கும் மாயத் தொப்பி ஒன்று தாஜிரிக்குக் கிடைக்கவே இல்லை. நண்பர் கென் சுகிமோரியிடம் இரண்டு இருந்தன. ஒன்றை எனக்குக் கொடுக்க வழியிருந்தால் எப்படி இருக்கும் என்ற ஏக்கம்தான், கேம் பாயின் கேபிளைப் பார்த்ததும், அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து போகிற காட்சியாக அவர் மனதில் விரிந்தது. 1996 பிப்ரவரி 27 அன்று சிவப்பும் பச்சையுமாக இரண்டு பதிப்புகள் வெளிவந்ததும், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் போனதும் இந்த ஏக்கத்திலிருந்துதான். சிவப்பு வைத்திருப்பவனுக்கு வல்பிக்ஸ் என்ற நரிக்குட்டி வேண்டுமென்றால் பச்சை வைத்திருப்பவனைத் தேடிப் போக வேண்டும்.

போக்கிமானின் விதையே இன்னொருவரின் விளையாட்டிலிருந்து விழுந்ததுதான். பந்தும் அப்படியே. ஆரம்பத்தில் தாஜிரி இதற்கு வைத்திருந்த பெயர் கேப்சூல் மான்ஸ்டர்ஸ். 1967இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த அல்ட்ராசெவன் தொடரில், கதாநாயகன் சின்னக் குப்பிகளை வீசி எறிவான். உள்ளிருந்து பூதாகாரமான மிருகங்கள் வந்து அவனுக்காகச் சண்டை போடும். அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை உங்களுடையது. வீசி எறிந்து ஒரு துணையை வரவழைக்கும் அந்தக் கை அசைவு, உங்கள் முதல் விளையாட்டு வருவதற்கு கிட்டத்தட்ட 30 வருடம் முன்பே ஜப்பானியக் குழந்தைகளின் கையில் இருந்தது.

சரி, போட்டியாளர்களுக்கு வருகிறேன். போட்டியாளர் என்று சொல்கிறேனே தவிர, இவர்களில் இரண்டு பேர் உங்களுக்கு மூத்தவர்கள்.

1987இல் அட்லஸ் உருவாக்கிய மெகாமி டென்செய். அங்கே பந்து கிடையாது, பேச்சுதான். எதிரில் வரும் பேயிடம் நின்று பேச வேண்டும். காசு கேட்கும், கொடுத்தால் இன்னும் கேட்கும், சில சமயம் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடும். அந்த வரிசையில் பிறகு வந்த பல ஆட்டங்களில் பௌர்ணமி அன்று பேய்கள் பேச்சுக்கே வராது. இப்படிச் சேர்த்த இரண்டை ஒன்றாகக் கலந்தால் மூன்றாவதாக ஒன்று பிறக்கும். கிரேக்கம், நார்வே, பாலித் தீவு, நம் ஊர் என்று எல்லா மண்ணின் தெய்வங்களும் பூதங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பாலியின் ரங்டாவையும் பாரோங்கையும் கலந்தால் சிவன் வருவார். வீட்டில் விபூதி பூசிக்கொண்டு பள்ளிக்குப் போனவன் நான். முதல் தடவை அந்தத் திரையைப் பார்த்தபோது கை கூசியது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், ஆக்கலும் அழித்தலும் ஒருவரிடமே இருக்கும் தெய்வத்தை இரண்டு எதிரெதிர்ச் சக்திகளின் கலப்பாகக் காட்டியவர்கள் கொஞ்சமாவது படித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று பட்டது. அந்த விளையாட்டில் நாம் சேர்க்கும் எதுவும் செல்லப்பிராணி ஆவதில்லை. உடன்படிக்கையில் நிற்கும் கூட்டாளி, அவ்வளவுதான். அந்தக் கவர்ச்சி உங்களிடம் இல்லை. இருக்கவும் வேண்டாம்.

அடுத்தது 1992இல் வந்த டிராகன் குவெஸ்ட் 5. எனக்குப் பிடித்த ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். கதாநாயகன் சிறுவனாக இருக்கும்போது, ஊர்ப் பையன்கள் துன்புறுத்திக்கொண்டிருக்கும் ஒரு பூனைக்குட்டியைத் தோழி பியாங்காவும் அவனும் காப்பாற்றுகிறார்கள். உண்மையில் அது பூனை இல்லை, ஒரு கொடிய சிறுத்தை மிருகத்தின் குட்டி. பிறகு அவனுக்குப் பெரிய துயரம் நேர்கிறது. குட்டி பிரிந்து போகிறது. பத்து வருடம் அடிமையாகக் கல் சுமக்கிறான். தப்பி வந்த பிறகு ஒரு கிராமத்தில், பயிரை அழிக்கும் மிருகத்தைக் கொன்று தாருங்கள் என்று கேட்கிறார்கள். குகைக்குள் போனால் பாய்ந்து வருவது அதே குட்டி, வளர்ந்து நிற்கிறது. அதற்கு அவனை அடையாளம் தெரியவில்லை. பையில் பியாங்காவின் ரிப்பன் இருக்கிறது. அதை எடுத்து நீட்டினால் மோந்து பார்த்து நின்றுவிடுகிறது. அங்கிருந்து கடைசிவரை கூடவே வருகிறது.

போக்கிமான் பிறப்பதற்கு 4 வருடம் முன்பே ஒரு மிருகம் ஒரு ரிப்பனை மோந்து பார்த்து ஒருவனை நினைவுகூர்ந்துவிட்டது. அந்த விளையாட்டில் மற்ற மிருகங்களும் அப்படித்தான். தோற்கடித்த பிறகு சில சமயம் எழுந்து நின்று, கூட வர ஆசைப்படுவதுபோல் நம்மைப் பார்க்கும். நாம் பிடிப்பதில்லை, அது வருகிறது. 1998இல் அதிலிருந்து கிளைத்த டிராகன் குவெஸ்ட் மான்ஸ்டர்ஸ் இனப்பெருக்கத்தையே விளையாட்டின் மையமாக்கியது. இரண்டைச் சேர்த்தால் முட்டை கிடைக்கும், ஆனால் பெற்ற இரண்டும் நம்மை விட்டுப் போய்விடும். பல மணி நேரம் கூடவே சண்டை போட்டவை. குட்டியிடம் அவற்றின் வித்தைகள் இருக்கும், அவை இருக்காது. ஒவ்வொரு முறையும் அந்த உறுதிப் பட்டனை அழுத்தும் முன் விரல் தயங்கும். அகிரா தொரியாமா வரைந்த, ஸ்லைம் என்ற அந்தச் சிரிக்கும் நீர்த்துளி மிருகம்கூட அந்த நேரத்தில் கனமாகத் தெரியும்.

டிஜிமானைப் பற்றி உங்களுக்கு என்ன கருத்தோ தெரியாது. எங்கள் ஊர்ப் பையன்கள் அதை "போக்கிமான் காப்பி" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கினார்கள். நானும் ஒதுக்கியிருக்கிறேன். அது பெரிய தப்பு. பண்டாய் நிறுவனம் தமகாட்சி என்ற மின்னணுச் செல்லப்பிராணிப் பொம்மையைத் தொடர்ந்து, 1997 ஜூனில் பையன்களுக்காகக் கொண்டுவந்த கையடக்கப் பொம்மை அது. மூன்று பட்டன், நகத்தளவு திரை, இரண்டு பொம்மைகளைத் தலையோடு தலை முட்டவைத்துச் சண்டை விட ஒரு இணைப்பு. பசிக்கும்போது கறி போட வேண்டும், அசுத்தம் செய்தால் துடைக்க வேண்டும், தூங்கும்போது விளக்கை அணைக்க வேண்டும். கவனிப்பு குறைந்தால் கம்பீரமான க்ரேமானாக ஆகவேண்டிய அகுமான் நத்தைபோல் நெளியும் நுமேமானாக மாறிவிடும். அப்புறம், அது செத்தும் போகும்.

என் வகுப்பில் ஒருவனுக்கு அவன் அப்பா துபாயிலிருந்து அதை வாங்கி வந்திருந்தார். பள்ளிக்கு எடுத்துப்போக முடியாது என்பதால் பகலில் அவன் அப்பத்தாதான் காவல். வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் பொம்மையை வைத்துக்கொண்டு, மூன்று பட்டனையும் எப்படியோ கற்றுக்கொண்டார். சாயங்காலம் நாங்கள் பையைப் போட்டதும் போடாததுமாக ஓடினால், "கறி போட்டுட்டேன்டா, தின்னுட்டுத் தூங்குது, லைட்டையும் அமத்திட்டேன்" என்று கணக்கு ஒப்பிப்பார். அது செத்த அன்று அவன் உடனே புது முட்டையைத் தொடங்கப் பார்த்தான். அப்பத்தா விடவில்லை. வாசலில் விளக்கேற்றிய பிறகுதான் பொம்மையை அவன் கையில் கொடுத்தார்.

அந்தச் சாயங்காலத்தை எந்தப் போக்கிமான் ஆட்டமும் எனக்குத் தந்ததில்லை. உங்கள் உலகில் தோற்ற மிருகம் மயங்கி விழும். மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஒரு இசை, சரியாகிவிடும். அந்த ஆறுதல் உங்கள் பலம். டிஜிமானின் பலம் அதற்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. 1999இல் பிளேஸ்டேஷனில் வந்த டிஜிமான் வேர்ல்டில் கூட்டாளி ஒன்றே ஒன்றுதான், அதற்கும் ஆயுள் உண்டு. வயதாகிப் போனால் முட்டையாகத் திரும்பும். மற்ற டிஜிமான்களை நாம் பைக்குள் போட்டுக்கொள்வதில்லை. அவர்களைச் சம்மதிக்க வைத்தால் ஃபைல் சிட்டி என்ற வெறிச்சோடிய ஊருக்குத் திரும்பி வருவார்கள். ஒருவர் கடை போடுவார், ஒருவர் வைத்தியம் பார்ப்பார். சேகரிப்பு என்றால் ஒரு ஊர் நிறைவது என்று அர்த்தப்படுத்திய விளையாட்டு அது. எத்தனையோ சேகரிப்பு ஆட்டங்களில் இதைவிட அழகான எண்ணத்தை நான் பார்க்கவில்லை. ஆட்டம் கரடுமுரடானது, ஒன்றையும் விளக்கிச் சொல்லாது, பல இடங்களில் எரிச்சல் மூட்டும். இருந்தும் சொல்கிறேன்.

அதே 1997இல் டெக்மோ கொண்டுவந்த மான்ஸ்டர் ரான்ச்சர், பிளேஸ்டேஷனில் எந்தப் பாட்டு சிடியைப் போட்டாலும் அதற்குள்ளிருந்து ஒரு மிருகத்தை எழுப்பித் தரும். வீட்டு அலமாரிதான் காடு. சிடியே காணாமல் போன காலத்தில் இதன் அருமையை விளக்குவது கஷ்டம். ஆனால் அடுத்து எந்தத் தட்டிலிருந்து என்ன வருமோ என்று அலமாரியைக் குடைந்தவர்களுக்குத் தெரியும்.

யோகாய் வாட்ச் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். லெவல்-5 நிறுவனம் 2013இல் நிண்டெண்டோவின் 3டிஎஸ் கையடக்கக் கருவியில் வெளியிட்டது. 2014இல் தொலைக்காட்சித் தொடர் வந்ததும் ஜப்பானே அதில் வரும் ஜிபான்யான் என்ற பூனை மயமானது. அந்த வருடம் பொம்மைக் கடைகளில் உங்கள் பிக்காச்சுவுக்குப் பக்கத்திலேயே ஒரு சிவப்புப் பூனை வந்து உட்கார்ந்தது. லாரியில் அடிபட்டுச் செத்த பூனையின் ஆவி அது. அப்பா அம்மா காரணமில்லாமல் சண்டை போட்டால், ஒருவன் திடீரென்று மறதிக்காரன் ஆனால், அதற்கெல்லாம் பின்னால் ஒரு யோகாய், அதாவது ஜப்பானியப் பேய், நிற்கிறது என்பதுதான் அதன் உலகம். தூரத்துக் காட்டுக்குப் போக வேண்டாம், தெருமுனையில் தேடினால் போதும். பிடித்த தீனியைப் போட்டால் மனம் இளகும். அதுவாக விரும்பினால் சிநேகம் பிடிக்கும்.

அந்த அலையை எதிர்த்து நீங்கள் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. உங்கள் வேலையைச் செய்தீர்கள். 2016இல் போனைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து பிடிக்கும் போக்கிமான் கோ வந்தது, உலகமே தெருவில் இறங்கி நடந்தது. யோகாய் வாட்ச் மெல்ல மெல்லத் தன் வழியில் தேய்ந்தது. 1999இல் டிஜிமான் தொலைக்காட்சியில் உங்களோடு மோதியபோதும் இப்படித்தான். வழக்குப் போட்டு ஜெயித்தீர்கள் என்று அந்த நாட்களை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

பால்வேர்ல்டுக்கு வருகிறேன். 2024 ஜனவரி 19 அன்று வந்தது. 6 நாளில் 80 லட்சம் பிரதி விற்றது. ஒரு மாதத்தில் இரண்டரைக் கோடிப் பேர் விளையாடினார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பாத விஷயங்கள் உண்டு. மிருகத்தின் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்த மிருகத்தையே கத்தி எடுத்து வெட்டிக் கறியாக்கலாம் என்பது இன்னும் பிடிக்கவில்லை. பால் (Pal) என்று அந்த ஆட்டம் அழைக்கும் மிருகங்கள் சிலவற்றைப் பார்த்தால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சாயல் அப்பட்டமாகத் தெரிகிறது. அதில் நீங்கள் கோபப்பட்டால் அது எனக்குப் புரிகிற கோபம்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்கா பையனுக்கு 14 வயது. பால்வேர்ல்டில் மூழ்கிக் கிடந்தான். உங்கள் ஆட்டங்களும் அவனிடம் உண்டு. இதில் அப்படி என்னடா இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "போக்கிமான்ல பிடிச்சதுக்கு அப்புறம் முக்காவாசி பெட்டிக்குள்ளயே கெடக்கும் மாமா. இதுல பாருங்க, ஒண்ணு தண்ணி ஊத்துது, ஒண்ணு கல்லு உடைக்குது. பசிச்சா சாப்பிடும். ரொம்ப வேலை வாங்குனா சோர்ந்துடும், அப்ப வெந்நீர்ல இறக்கிவிடணும்." அவன் காட்டிய இடத்தில் ஒரு ஆட்டுக்குட்டி மாதிரியான ஒன்று தூக்க முடியாமல் ஒரு மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு போனது. அவன் கட்டிலை நகர்த்தி அதற்குப் பாதை விட்டான்.

அந்த ஒரு நிமிடத்தில் எனக்குப் புரிந்தது. பெட்டிக்குள் கிடக்கும் நூற்றுக்கணக்கான போக்கிமான்களுக்கு ஒரு நாள் வாழ்க்கை கொடுக்க வேண்டும் என்று ஒரு சிறுவன் ஆசைப்பட்டிருக்கிறான். உங்கள் வரிசையில் இன்று 1000க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. 2019இல் ஸ்வோர்டு, ஷீல்டு ஆட்டங்களில் எல்லாவற்றையும் கொண்டுவர முடியாது என்று நீங்கள் அறிவித்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்புக்கும் இதுதான் வேர். அவர்களுக்கு அவை எண்கள் இல்லை. எங்கே போயின, என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று கேட்கிறார்கள். பால்வேர்ல்டு அந்தக் கேள்விக்கு முரட்டுத்தனமான ஒரு பதிலைச் சொன்னது.

இப்போது உங்கள் வழக்கைப் பார்க்கிறேன். சாயல்தான் உங்கள் புண் என்றால் அதற்கு வழி, வரைந்த உருவத்தைக் காக்கும் பதிப்புரிமை. நீங்கள் அங்கே போகவில்லை. ஆட்டம் இயங்கும் முறையைக் காக்கும் காப்புரிமைகள் மூன்றைக் கையில் எடுத்தீர்கள். எறிந்து பிடிப்பதும், எறிந்து சண்டைக்கு வரவழைப்பதும், ஏறிச் செல்லும் மிருகங்களை மாற்றிக்கொள்வதும் பற்றியவை. 2021 டிசம்பரில் போட்ட விண்ணப்பத்தின் கிளைகள்தான் அவை, ஒப்புக்கொள்கிறேன். அந்த முறைகளைக் கொண்ட உங்கள் லெஜண்ட்ஸ் ஆர்சியஸ் ஆட்டம் 2022 ஜனவரியில் வந்தது. ஆனால் இந்தக் கிளைகள் மூன்றையும் நீங்கள் தாக்கல் செய்தது பால்வேர்ல்டு வெளிவந்த பிறகு, 2024 பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் இடையில். ஒருவர் ஓடி முடித்த பிறகு கோட்டை நகர்த்தி வரைவது மாதிரி இருக்கிறது இது. சட்டத்தில் அதற்கு இடம் இருக்கலாம். கேட்ட இழப்பீடோ உங்கள் இருவருக்கும் தலா 50 லட்சம் யென். உங்கள் அளவுக்கு அது பணமே இல்லை. அப்படியானால் காசுக்காக இந்த வழக்கு இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

2024 நவம்பரில் பாக்கெட்பேர், பந்தை எறிந்து பால் மிருகத்தை வரவழைக்கும் வசதியை எடுத்துவிட்டது. இப்போது அது பக்கத்தில் சும்மா தோன்றி நிற்கிறது. 2025 மே மாதம், மிருகத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்து இறங்குவதையும் மாற்றி, தனியாக ஒரு கிளைடரைக் கையில் கொடுத்துவிட்டது. இதனால் உங்கள் ஆட்டம் எந்த விதத்தில் மேலானது? 2025 செப்டம்பரில், துணைப் பாத்திரத்தை வரவழைத்துச் சண்டையிட வைக்கும் முறைக்கு அமெரிக்காவிலும் காப்புரிமை வாங்கினீர்கள். இரண்டே மாதத்தில் அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகத்தின் இயக்குநரே அதை மறுபடி பரிசீலிக்க உத்தரவிட்டார்.

எனக்குப் பாக்கெட்பேரைவிட மற்றவர்களைப் பற்றித்தான் பயம். ஸ்பெயினில் க்ரெமா என்ற சின்னக் குழு டெம்டெம் உருவாக்கியது. எல்லோரும் ஒரே உலகில் சேர்ந்து நடந்து, இரண்டுக்கு இரண்டாக மோதும் ஆட்டம். இங்கிலாந்தில் பிட்டன் ஸ்டுடியோ 2023இல் கேசட் பீஸ்ட்ஸ் கொண்டுவந்தது. அதில் மிருகத்தைப் பிடிப்பதே இல்லை. டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து, அந்த கேசட்டைப் போட்டு நாமே அதுவாக மாறுவோம். எந்த இரண்டும் இணைந்து ஒன்றாகும். இப்படி யோசிக்கிறவர்களிடம் வக்கீல்கள் இல்லை. துணை மிருகம் என்றாலே உங்களிடமிருந்து நோட்டீஸ் வரலாம் என்ற நினைப்பு ஒன்று போதும், அவர்கள் வேறு ஏதாவது செய்யப் போய்விடுவார்கள். நாளைக்கு உங்களை வியக்க வைக்க வேண்டியவர்கள் அவர்களில் ஒருவர்.

உங்களுக்கு வியப்பு தேவைப்படுகிறது என்று நான் சொன்னால் கோபிக்காதீர்கள். உங்கள் ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்கள் 2022 நவம்பரில் வந்தபோது மூன்றே நாளில் ஒரு கோடி விற்றது. அதே வாரத்தில் தூரத்தில் நடப்பவர்கள் விட்டு விட்டு அசைவதும், பாத்திரங்கள் தரைக்குள் புகுவதுமாக வீடியோக்கள் நிரம்பின. அடுத்த மாதமே அப்டேட் குறிப்பில் நீங்கள் வருத்தம் தெரிவித்தீர்கள். எப்படிக் கொடுத்தாலும் விற்கும் என்ற நிலை யாருக்குமே நல்லதில்லை. அதற்குப் பத்து மாதம் முன்பு வந்த ஆர்சியஸில் எவ்வளவு துணிச்சல் இருந்தது! புல்லுக்குள் பதுங்கி, பின்பக்கமாக ஊர்ந்து போய், முதுகைப் பார்த்து பந்தை எறிந்தபோது, எனக்கு மறுபடியும் 11 வயது ஆனது. அந்தத் துணிச்சலைக் காப்புரிமைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்தவர் அதைத் தொடக்கூடாது என்று காவல் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே நேரடியாகவே கேட்கிறேன். பாக்கெட்பேர் மேல் உள்ள வழக்கைத் திரும்பப் பெறுங்கள். எறிவது, பிடிப்பது, வரவழைப்பது, ஏறிச் செல்வது, இவற்றின் மேல் வாங்கிய காப்புரிமைகளை வேறு எந்தக் குழுவின் மேலும் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் சொல்லுங்கள். உங்கள் ஓவியர்கள் வரைந்த உருவத்தை ஒருவர் அப்படியே எடுத்தால் அன்றைக்கு நீதிமன்றத்துக்குப் போங்கள். ரசிகர்கள் நாங்களும் உங்கள் பக்கம் நிற்போம்.

கடைசியாக என் கடாப்ராவைப் பற்றி. ஆர்சியஸில் லிங்கிங் கார்ட் என்று ஒரு பொருள் வைத்தீர்கள். அதைக் கொடுத்தால் ஆள் துணை இல்லாமலே கடாப்ரா அலகசாம் ஆகிவிடும். எத்தனையோ ஊர்களில் தனியாக விளையாடிய என்னைப் போன்றவர்களை நினைத்து வைத்திருக்கிறீர்கள், நன்றி. நான் ஒன்று வாங்கினேன். ஆனால் பயன்படுத்த மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனுக்கு போன் போட்டு, பால்வேர்ல்டை அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லி, இருவரையும் இணைக்கும் 8 எண் கொண்ட குறியீட்டை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். "வந்துருச்சு மாமா" என்றான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மாறுது மாறுது, ரெண்டு கையிலயும் ஸ்பூன் வந்துருச்சு!" என்று கத்தினான். உடனே திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டான். ரெண்டு நாள் உன்கிட்டயே இருக்கட்டும் என்றேன். லிங்கிங் கார்ட் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய ரசிகன், காரைக்குடி